சத்தம் போடாமல் தேடியது

பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு உடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெள்ளை கூடாது, சிவப்பு கூடாது, பளபளப்பான எதுவும் கூடாது. காய்ந்த புல், ஈரமண், வாடிய இலை, இவற்றின் நிறமே உத்தமம். பல வருடங்களாக நான் இதை ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்தேன். அக்காவை என்னோடு அழைத்துப் போக ஆரம்பித்ததும் அவளுக்கும் அப்படியே எடுத்து வைத்தேன். மண் நிறத்தில் ஒரு பருத்திச் சேலை, அதற்கு மேல் பழுப்பு ஸ்வெட்டர். பொங்கல் விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமையும் அவள் அதைத்தான் உடுத்தியிருந்தாள்.

அக்கா தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மனைவி இறந்தபின் இரும்புலியூரில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்குச் சமைக்கத் தெரியாது என்பதற்காக வந்தாள். இப்போது நான்தான் சமைக்கிறேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள் என்று ஆனபிறகு கேஸ் சிலிண்டர் பக்கமே அவளை விடுவதில்லை.

எனக்கு நாள் குறிக்கும் பழக்கம் உண்டு. எங்கள் பக்கத்து ஏரிகளுக்கு ஊசிவால் வாத்துகள் எந்த வாரம் வருகின்றன, எந்த வாரம் காணாமல் போகின்றன, மழை பிந்தினால் அவை எவ்வளவு பிந்துகின்றன என்பதெல்லாம் என்னிடம் இருக்கிறது. அக்காவின் மறதி எப்போது தொடங்கியது என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. டாக்டர் முதலில் கேட்டதே அதுதான். சாவியைத் தேடியதா, ஒரே கதையை இரண்டுமுறை சொன்னதா, ஆலயத்தில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்ததா? ஒவ்வொன்றுக்கும் முன்னால் இன்னொன்று இருந்தது. இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்து என்ன? எல்லாப் புத்தகங்களும் கடைசி அத்தியாயத்தில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன.

டாக்டர் நடக்கச் சொன்னார். சமதளமாக இருக்க வேண்டும், கூட்டம் கூடாது, வண்டி கூடாது. தாம்பரத்தில் அப்படி ஓர் இடத்துக்கு எங்கே போவது? யோசித்தபோது ஏரிக்கரைதான் தோன்றியது. வெளிவட்டச் சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் அந்த ஏரியின் கரையில் நடைபாதைக்குக் கல் பதித்திருக்கிறார்கள். ஏற்றம் இறக்கம் இல்லை. இடையிடையே சிமென்ட் பெஞ்சு. வானம் தெளிவாக இருந்தால் வடக்கே திருநீர்மலை தெரியும். குழந்தைகூட விழாமல் நடக்கும் பாதை.

அக்காவுக்கும் பிடித்துப்போயிற்று. பறவைகளின் பெயர் அவளுக்கு நிற்கவில்லை. அதற்குப் பதில் தானே பெயர் வைத்தாள். பட்டுப்போன மரத்தில் உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகத்தைப் பார்த்து, "பாஸ்டர் ஆசீர்வாதம் குடுக்கிறார் பாருடா, தலையக் குனி" என்றாள். நானும் குனிந்தேன். அதற்கடுத்த வாரம் அதே மரத்தைப் பார்த்து அதையே சொன்னாள். புதிதாகச் சொல்வதுபோல் சிரித்தாள். அந்த மரம் வந்துவிட்டால் அவள் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டாள். நானும் தலையைக் குனிவேன்.

சனிக்கிழமைகளில் எங்களோடு இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் மேற்குத் தாம்பரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் பாய். என் வயதுதான். டெலஸ்கோப் அவருடையது. இன்னொருத்தி பெருங்களத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வரும் ஐடி கம்பெனிப் பெண். கரையில் ஏறிவிட்டால் நாங்கள் மூவரும் குரலை அடக்கிவிடுவோம். கையைக் காட்டித்தான் பேச்சு. கூப்பிட வேண்டுமென்றால் நாக்கால் மெதுவாக 'ச்ச்' என்போம். புதிதாக வருகிறவர் யாராவது சத்தமாகப் பேசினால் பாய் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வை போதும்.

அந்தச் சனிக்கிழமை கலங்கலுக்குப் பக்கத்தில், தண்ணீர் வழிந்தோடும் அந்த மேட்டில், பாய் டெலஸ்கோப்பை நிறுத்தியிருந்தார். ஊசிவால் வாத்துக் கூட்டத்துக்கு நடுவே ஒன்று மட்டும் வேறு மாதிரி இருக்கிறது என்றார். நான் பார்த்தேன். முகத்தில் கோடு போட்ட பெட்டை நீலச்சிறகி என்று எனக்குத் தோன்றியது. பாய் இல்லை என்று தலையாட்டினார். அந்தப் பெண் பார்த்துவிட்டு, "அங்கிள், முகத்துல கோடு இல்ல" என்று கிசுகிசுத்தாள். மறுபடி நான் பார்த்தேன். வாத்து தலையைச் சிறகில் செருகிக்கொண்டு தூங்கியது. அது தலையைத் தூக்கட்டும் என்று மூன்று பேரும் காத்திருந்தோம். அக்கா எங்களுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பிப் பார்த்தபோது பெஞ்சு காலியாக இருந்தது.

முதலில் நான் பயப்படவில்லை. நாலடி நடந்திருப்பாள் என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். கரை நேராகப் போயிற்று. யாரும் இல்லை. "அக்கா" என்றேன். எந்தக் குரலில்? பறவை கலையாத குரலில். பாய்க்கு விஷயம் புரிந்தது. அவர் ஒரு பக்கம் போகிறேன் என்று கையைக் காட்டினார். அந்தப் பெண் கரைக்குக் கீழே நாணல் பக்கம் குனிந்தபடியே போனாள். நாங்கள் மூவரும் மூன்று திசையில், அடிமேல் அடிவைத்து, 'ச்ச்', 'ச்ச்' என்றபடி அக்காவைத் தேடினோம். இதை எழுதும்போது எனக்கே நம்பமுடியவில்லை. ஆனால் அப்படித்தான் நடந்தது. இத்தனை வருட வழக்கம் தொண்டையில் உட்கார்ந்திருந்தது. எவ்வளவு நேரம் அப்படித் தேடினோம் என்று தெரியாது.

பாய்தான் முதலில் நின்றார். "யா அல்லா, நாம ஏன் குசுகுசுன்னு கூப்பிட்டுட்டிருக்கோம்?" என்று கத்தினார். அடுத்த மூச்சில் இரண்டு கையையும் வாயில் குவித்து, "அக்கா!" என்றார்.

மொத்த ஏரியும் எழும்பியது. வாத்து, நாமக்கோழி, நாரை, எல்லாம் ஒரே நேரத்தில். நாமக்கோழிகள் தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடுகிற சத்தம், சிறகுச் சத்தம், கூச்சல். அக்கா பதில் குரல் கொடுத்திருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது. நான் காதைப் பொத்திக்கொண்டு, அடங்கட்டும், அடங்கட்டும் என்று நின்றேன். என் வாழ்நாளில் பறவைகளை வெறுத்தது அந்த நேரத்தில்தான்.

அடங்கியபிறகு பைனாகுலரை எடுத்தேன். அதில் பார்த்ததெல்லாம் அக்காவாகத் தெரிந்தது. ஏரியிலிருந்து வாரிப்போட்டுக் காய்ந்துகிடந்த ஆகாயத்தாமரைக் குவியல் அக்கா. மதகின் நிழல் அக்கா. தண்ணீரோரம் ஒரு சிமென்ட் சாக்கு பாதி முங்கிக் கிடந்தது. அதை நோக்கி ஓடினேன். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. சாக்குதான் என்று கண்ணுக்குத் தெரிந்தபிறகும் அதைத் தொட்டுப் பார்த்தேன்.

அப்போது எதிர்க்கரையில் ஆள்காட்டி கத்தியது. மனிதர் நடமாட்டத்தைக் கண்டால் விடாமல் கத்தும் பறவை. அதன் பெயரே அதற்குத்தான். கர்த்தாவே, அவள் அங்கேதான் நடக்கிறாள் என்று எண்ணினேன். கலங்கலைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஓட ஓட அது கத்திக்கொண்டே இருந்தது, எனக்கு வழி சொல்வதுபோல. போய்ப் பார்த்தால் ஒரு நாய். என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

அங்கே தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த ஓர் ஆளிடம் கேட்டேன்.

"வயசானவங்க, இந்தப் பக்கம் வந்தாங்களா?"

"இன்னா கலர் பொடவ சார்?"

"மண் கலர்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் சட்டையும் அதே நிறம். "மண்ணாண்ட நின்னுகினு மண் கலர்னா எப்டி சார் தெரியும்? சேப்பா எதனா கட்டிக்கினு வந்தாத்தான் ஆம்புடும்."

நான் நிற்கவில்லை. ஆனால் அவர் சொன்னது கூடவே ஓடிவந்தது. தண்ணீர் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வெளிவட்டச் சாலை. லாரிகள் வேகம் குறைக்காமல் போகும் சாலை. பறவை கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று நான் பார்த்துப் பார்த்து எடுத்த சேலை, லாரி டிரைவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்துவிடுமா? அவள் கையில் போனும் இல்லை. பழகவில்லை என்று வீட்டிலேயே வைத்துவிடுவாள். பாய் போனில் கூப்பிட்டு, "மதகு வரைக்கும் பாத்துட்டேன், இல்ல. நீங்க ரோட்டுப் பக்கம் போங்க. நான் தண்ணி பக்கமே இருக்கேன்" என்றார். ஏன் தண்ணீர் பக்கமே இருக்கிறார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாலையோரமாக, லாரிக் காற்று முகத்தில் அறைய, எதிரே வந்த எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு நடந்தேன். அங்கேயும் ஓடினேன் என்று சொல்ல ஆசை. ஏரியைச் சுற்றி ஓடியதிலேயே மூச்சு தீர்ந்திருந்தது. சர்வீஸ் ரோட்டில், பாலத்துக்கு அடியில், ஓர் அம்மா ஏரி மீன் விற்பார். அங்கே கொஞ்சம் கூட்டம் இருந்தது. அந்த இடத்தில் கூட்டம் மொய்த்துக்கொண்டு நிற்பதுதான் வழக்கம். அன்று வரிசையாக நின்றார்கள். வரிசையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

அக்கா மீன் பலகைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். "லைன்ல வாங்க. சில்லறை கையில வெச்சுக்கோங்க. லேடீஸ் இந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் அவள் சொன்னபடி நின்றார்கள். சேலை ஓரம் நனைந்திருந்தது, சேறு அப்பியிருந்தது. தண்ணீர் வரை போய்த்தான் வந்திருக்கிறாள்.

"அக்கா!" என்று போய்த் தோளைப் பிடித்தேன். அவள் விலகிக்கொண்டாள்.

மீன்கார அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "இன்னா சார், மேல கைய வெக்கற?"

"எங்க அக்காம்மா. ஏரிக்கரையில காணாமப் போயிட்டாங்க."

"நீ சொல்ற. அவங்க சொல்லணுமே." அக்கா பக்கம் திரும்பினார். "எம்மா, இவரு ஆரு? தெர்தா?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். "யாரா இருந்தாலும் லைன்ல வாங்க சார்" என்றாள்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பாத்தியா? தெர்லன்றாங்க. கழ்த்துல செயின் கீது. ஆரோ ஒர்த்தன் வந்து அக்கான்னா நான் அனுப்சிடணுமா? போட்டோ கீதா? காட்டு."

போனைத் திறந்தேன். படங்களை விரலால் தள்ளினேன், தள்ளினேன். பவளக்காலி. கூழைக்கடா. பறக்கும் கூழைக்கடா. இலைக்கோழி. அந்த அம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் பேஜாரா கீது, கொக்கா காட்டிகினு கீற? அக்கா எங்க?"

"பறந்துட்டாங்க போல" என்றான் வரிசையில் ஒருவன்.

"சும்மா இர்ரா, ஒனக்கு மீன் கெடியாது."

கடைசியில் ஒரு படம் கிடைத்தது. கரையில் அக்கா எனக்கு முன்னால் நடந்து போகிறாள். முதுகுதான் தெரிந்தது. அந்த அம்மா பார்த்துவிட்டு, "முதுவு எனக்கும்தான் கீது" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு நியாயம் தெரியவில்லை. "அக்கா, நான்தான்க்கா. என் பேரைச் சொல்லுக்கா, ஒரு தடவை சொல்லு" என்று கத்தினேன். அழுதுகொண்டே கத்தினேன். அக்கா எழுந்து அந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் ஓர் அடி வைத்தால் அவள் ஓர் அடி பின்னால் போனாள். அதற்கும் பின்னால் சாலை.

அந்தச் சாலைதான் என்னை நிறுத்தியது.

மிரண்ட பறவையை நெருங்க ஒரு முறை இருக்கிறது. நேராகப் போகக் கூடாது. கண்ணைப் பார்க்கக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி, வேறு எதையோ தேடுகிறவன்போல நிற்க வேண்டும். அது தலையைக் குனிந்து மேயத் தொடங்கும்வரை அசையவே கூடாது. எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றேன். பாலத்தின் தூணையே பார்த்துக்கொண்டு நின்றேன். வரிசை நகர்ந்தது. அக்கா மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்த சத்தம் கேட்டது.

என் முறை வந்தது.

"எங்க?" என்றாள் அக்கா.

"தாம்பரம்."

"எத்தனை?"

"ரெண்டு."

"ரிட்டனா?"

"இல்லீங்க. போறதுக்கு மட்டும்."

மீன் சுற்ற வைத்திருந்த செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அதற்குமேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மீன்கார அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் குரல் மாறியிருந்தது.

"எம்மா, ட்யூட்டி முட்ஞ்சி போச்சி. கவுன்ட்டர மூடிட்டாங்கோ. வா, வூட்டாண்ட வுட்டுட்டு வர்றேன்." என் பக்கம் திரும்பி, "நானும் வர்றேன் சார். வூட்டப் பாக்காம வுட மாட்டேன்" என்றார்.

பலகையைப் பக்கத்து இளநீர்க்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஆட்டோவில் எங்கள் நடுவில் உட்கார்ந்து வந்தார். ஏறுவதற்கு முன் பாய்க்குப் போன் செய்தேன். கிடைத்துவிட்டாள் என்று சொன்னதும் அந்தப் பக்கம் தண்ணீரிலிருந்து யாரோ ஏறுகிற சத்தம் மட்டும் கேட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியிருந்தார் என்று அந்தப் பெண் பின்னால் சொன்னாள். அந்த வாத்து என்னவென்று இன்றுவரை யாரும் பேசவில்லை.

வீட்டு வாசலில் கீழ்வீட்டு டீச்சர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "என்னக்கா, தம்பி உங்கள சேத்துல எறக்கிட்டாரா?" என்றார். அதைக் கேட்டபிறகுதான் மீன்கார அம்மா அக்காவின் கையை விட்டார்.

"தப்பா எட்துக்காத சார்."

"இல்லம்மா. நீங்க இல்லேன்னா..."

"கயித்துல கட்டி வெக்கவும் முடியாது, அவுத்து வுடவும் முடியாது. கையிலயாச்சும் நம்பரு கட்டி வுடு" என்று சொல்லிவிட்டு அதே ஆட்டோவில் திரும்பிப் போனார்.

அதன்பிறகு ஏரிக்கரைக்கு நாங்கள் போகவில்லை. பாய் ஒவ்வொரு சனிக்கிழமையும் கூப்பிட்டார். கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டார். அக்கா விடிந்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிரில் கேட் முன்னால் நிற்கிறாள். பூட்டை ஆட்டிப் பார்க்கிறாள். "யாருப்பா பூட்டினது? வண்டிக்கு நேரமாச்சு" என்கிறாள். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. முன்பெல்லாம் ஏதாவது பதில் சொல்வேன். இப்போது சமையலறையில் போய் நின்றுகொள்கிறேன். அவள் ஓய்ந்து வந்து உட்காரும்வரை குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறேன். நடக்காததால் அவள் கால் வீங்கியிருக்கிறது. டாக்டர் நடக்கச் சொல்கிறார்.

மார்க்கெட்டில் பெயர் வெட்டுகிறவரிடம் சொல்லி எவர்சில்வரில் ஒரு காப்பு செய்து வாங்கினேன். என் போன் நம்பர் மட்டும் வெட்டச் சொன்னேன். ஒருமுறை கடற்கரைக் கழிமுகம் ஒன்றில் பறவைகளின் காலில் நம்பர் வளையம் போட்டுப் பறக்கவிடுகிறவர்களுக்கு ஒத்தாசையாக நாள் முழுக்க இருந்திருக்கிறேன். உள்ளான் பறவை ஒன்றை அவர்களில் ஒருவர் எப்படிப் பிடித்தார் என்று கவனித்திருக்கிறேன். கழுத்து இரண்டு விரலுக்கு நடுவில், கால் மற்ற இரண்டு விரலில், நசுக்காமல், நழுவவிடாமல். எங்கேயாவது யாராவது கண்டெடுத்தால் நம்பரைப் பார்த்துச் சொல்வார்கள் என்றார். சொல்வார்களா என்று கேட்டேன். பெரும்பாலும் எந்தத் தகவலும் வராது என்றார். ஆனாலும் போடுகிறோம் என்றார்.

அக்காவைக் கட்டிலில் உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்தேன். எலும்பு அவ்வளவு மெல்லியதாகிவிட்டது எனக்குத் தெரியாமல் போயிற்று. நாடி என் விரலுக்கடியில் வேகமாக அடித்தது. காப்பை மாட்டி, அவளாகக் கழற்ற முடியாதபடி கொக்கியை மடக்கக் குறடை எடுத்தேன். அவள் கையை இழுக்கவில்லை. நம்பரை ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுப் படித்தாள். டிக்கெட் நம்பர் படித்த பழக்கம், ஒன்றுகூடத் தப்பவில்லை.

"எங்க கொண்டுபோய் விடப்போற என்னை?" என்றாள்.

"எங்கயும் இல்லக்கா. இங்கதான் இருப்ப."

"அப்ப எதுக்கு இது?"

நான் கொக்கியை மடக்கினேன்.